சிந்து வெற்றியும் இரண்டு வீடியோக்களும்: ஃபுதூஹ் நூல்களை எப்படி வாசிப்பது?

சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு வெள்ளிமலைக்குப் போயிருந்தோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலைப்பாதையில் ஏறினால் கல்வராயன் மலையின் மேலே இருக்கும் ஊர் அது. லுஹர் தொழுதுவிட்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "எங்க முன்னோருங்க காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தவங்க, பாய். அண்ணன் தம்பி மூணு பேரு. ஆளுக்கொரு மலைக்குப் போனாங்க. இங்கே இருந்த வேடருங்களோட சண்டை போட்டுத்தான் இடம் பிடிச்சாங்க" என்றார். எதிரே இருந்த இன்னொரு பெரியவர் உடனே மறுத்தார். "சண்டையெல்லாம் இல்லை. பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்து ஒண்ணா இருந்தாங்க. எங்க தாத்தா அப்படித்தான் சொன்னாரு."

இருவரும் தத்தம் தாத்தாவிடம் கேட்டதைத்தான் சொன்னார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் கதையை எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயரும் 1909இல் வெளியான தம் நூல் தொகுதியில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அது நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே பல தலைமுறைகள் கடந்துவிட்டன.

திரும்பும் வழியில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகன் கைப்பேசியை நீட்டினான். "மாமா, இந்த ரெண்டையும் பாருங்க. எதை நம்புறது?"

முதல் வீடியோ எங்கள் குடும்பக் குழுவில் வந்தது. பதினேழு வயதில் சிந்துவை வென்ற மாவீரர் முஹம்மது பின் காசிம், வாள் ஓசையோடும் குதிரைக் குளம்பொலியோடும். இரண்டாவது அவன் கல்லூரி நண்பர்கள் குழுவில் வந்தது. அதே முஹம்மது பின் காசிம், கோயில்களை இடித்துப் பெண்களைக் கவர்ந்து சென்ற கொடியவனாக. கீழே யாரோ ஒருவர் 'உங்க ஆளுங்கதானே' என்று அவனிடம் கேட்டிருந்தார். அவன் பதில் எழுதவில்லை.

இரண்டு வீடியோக்களிலும் முடிவு ஒன்றுதான். கலீஃபாவின் கட்டளைப்படி முஹம்மது பின் காசிம் பச்சைத் தோலுக்குள் வைத்துத் தைக்கப்பட்டு இறந்தார் என்று இரண்டும் சொல்கின்றன. ஒன்று அழுதுகொண்டு சொல்கிறது, மற்றது மகிழ்ந்து சொல்கிறது.

ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இந்தத் தோல் கதையை ஒரு பயானில் சொல்லியிருக்கிறேன். ஓர் உருதுப் புத்தகத்தில் படித்தது. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். பிறகு அஞ்சல் வழியில் வரலாறு படிக்கத் தொடங்கியபோதுதான் 'இதை முதலில் எழுதியவர் யார், எப்போது எழுதினார்' என்று தேடினேன். மதரஸாவில் ஒவ்வொரு ஹதீஸுக்கும் கேட்ட அதே கேள்வியை வரலாற்றுக்குக் கேட்க மறந்திருந்தேன். அந்தத் தேடலில் கிடைத்ததே இந்தக் கட்டுரை.

ஃபுதூஹ் நூல்கள் எதற்காக எழுதப்பட்டன?

'ஃபத்ஹ்' என்றால் திறத்தல், வெற்றி. அதன் பன்மை 'ஃபுதூஹ்'. ஆரம்ப கால முஸ்லிம் படைகள் ஷாம், இராக், எகிப்து, பாரசீகம், சிந்து ஆகிய நாடுகளை எப்படி வென்றன என்று சொல்லும் அரபு நூல்கள் அனைத்தும் இந்தப் பெயரில் வழங்கப்படுகின்றன.

இவை வீரக் கதைக்காக மட்டும் எழுதப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். ஆட்சியாளர்களுக்கும் ஃபிக்ஹ் அறிஞர்களுக்கும் இவற்றில் வேறொரு தேவை இருந்தது. ஓர் ஊர் உடன்படிக்கையால் (சுல்ஹ்) வந்ததா, போரால் (அன்வத்) வந்ததா என்பதைப் பொறுத்து அந்த ஊரின் நிலவரி, மக்களின் உரிமை, வழிபாட்டுத் தலங்களின் நிலை எல்லாமே மாறும். நூறு வருடத்துக்கு முன் எந்தத் தளபதி என்ன வாக்குக் கொடுத்தார் என்பது இன்றைய வரியைத் தீர்மானிக்கும். அதனால்தான் இந்த நூல்களில் போர்க்களத்தைவிட உடன்படிக்கையும் வரித் தொகையும் சில இடங்களில் அதிகம் பேசப்படுகின்றன.

சமர்கந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தளபதி குதைபா வஞ்சகமாக எங்கள் நகருக்குள் நுழைந்தார் என்று அந்த மக்கள் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் முறையிட்டார்கள். காழி ஒருவர் அதை விசாரித்து, முஸ்லிம் படைக்கு எதிராகவே தீர்ப்பளித்தார் என்று ஃபுதூஹ் நூல் பதிவு செய்கிறது. வென்றவர்களின் நூலிலேயே வென்றவர்கள் மீதான புகாரும் இருக்கிறது.

பலாதுரீ என்ற மனிதர்

இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள மிக முக்கியமான நூல்களில் ஒன்று 'ஃபுதூஹுல் புல்தான்'. எழுதியவர் பக்தாதில் வாழ்ந்த அஹ்மத் பின் யஹ்யா அல்பலாதுரீ. கலீஃபா முதவக்கிலின் அவையில் இடம்பெற்றிருந்தவர். இறந்தது ஹிஜ்ரி 279 (கி.பி. 892).

அவருடைய பெயருக்கே ஒரு கதை உண்டு. 'பலாதுர்' என்பது நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சேங்கொட்டை. சமஸ்கிருதப் பெயரிலிருந்து அரபுக்குப் போன சொல். நினைவாற்றலுக்காக அதன் சாற்றைக் குடித்து, அதனாலேயே புத்தி பேதலித்து இறந்தார், அதனால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். குடித்தது அவரா, அவருடைய பாட்டனாரா என்பதில் பழைய ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. வரலாறு எழுதிய மனிதரின் பெயருக்கே இரண்டு அறிவிப்புகள் என்றால், அவர் எழுதிய சம்பவங்களுக்கு எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த நூலின் கடைசிப் பகுதிகளில் ஒன்று சிந்துவைப் பற்றியது. அதை அவர் தம் சொந்தச் சரக்காக எழுதவில்லை. தமக்கு முந்தைய அறிஞரான அல்மதாயினீயிடமிருந்து வந்த அறிவிப்புகளாகப் பெரும்பகுதியைத் தருகிறார். சிந்துப் படையெடுப்பு நடந்தது கி.பி. 711-712. மதாயினீ பிறந்தது சுமார் 40 ஆண்டுகள் கழித்து. பலாதுரீ இறந்தது 180 ஆண்டுகள் கழித்து. அந்தப் பகுதியைப் பற்றி மதாயினீ எழுதிய நூல்கள் இன்று நம் கையில் இல்லை. ஆக, மிகப் பழமையானது என்று நாம் கையில் எடுக்கும் சாட்சியே நேரில் கண்ட சாட்சி அல்ல. இது குறை சொல்வதற்காக அல்ல, அளவு தெரிந்து வாசிப்பதற்காக.

கப்பல் புறப்பட்டது நம் பக்கத்திலிருந்து

பலாதுரீயின் சிந்து அத்தியாயம் போரில் தொடங்கவில்லை, ஒரு கண்டிப்பில் தொடங்குகிறது. பஹ்ரைன், உமான் பகுதிகளின் ஆளுநர் கடல் வழியாக இன்றைய மும்பைக்கு அருகிலுள்ள தானாவுக்குப் படை அனுப்பினார். கலீஃபா உமர் (ரலி) அதை விரும்பவில்லை. அந்த வீரர்களுக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் உன் குலத்தாரிடமே அதற்கு ஈடு வாங்கியிருப்பேன் என்ற பொருளில் கடுமையாக எழுதினார். பிறகு உஸ்மான் (ரலி) காலத்தில் இந்தியாவின் எல்லையைப் பார்த்துவர ஓர் ஆளை அனுப்பினார்கள். தண்ணீர் குறைவு, திருடர் அதிகம், சிறுபடை போனால் அழியும், பெரும்படை போனால் பசியால் வாடும் என்று அவர் வந்து சொன்னார். படை அனுப்பும் எண்ணம் கைவிடப்பட்டது.

அடுத்து வருவது நமக்கு நெருக்கமான செய்தி. உமய்யா ஆட்சியில் இராக்கின் ஆளுநராக ஹஜ்ஜாஜ் பின் யூசுஃப் இருந்தபோது, 'ஜஸீரதுல் யாகூத்' என்ற மாணிக்கத் தீவின் மன்னர் அவருக்குச் சில பெண்களைக் கப்பலில் அனுப்பினார். அந்தத் தீவு இலங்கை என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அந்தப் பெண்கள் அங்கேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண்கள். வணிகர்களாக அங்கு வாழ்ந்த அவர்களுடைய தந்தையர் இறந்துவிட்டனர். கப்பலைத் தேபல் பக்கத்துக் கடற்கொள்ளையர் பிடித்தார்கள். பெண்களில் ஒருத்தி ஹஜ்ஜாஜின் பெயரைச் சொல்லி அலறினாள். சிந்து மன்னர் தாஹிருக்கு ஹஜ்ஜாஜ் எழுதியபோது, பிடித்தவர்கள் கொள்ளையர்கள், அவர்கள் என் கட்டுப்பாட்டில் இல்லை என்று பதில் வந்தது. பிறகு இரண்டு படைகள் போய்த் தோற்றன, இரண்டின் தளபதிகளும் கொல்லப்பட்டார்கள். மூன்றாவதாகச் சென்றவர் முஹம்மது பின் காசிம்.

வீடியோக்கள் இந்த அலறலோடு போருக்குத் தாவிவிடுகின்றன. ஆனால் அதே பலாதுரீ, இந்தக் கப்பலுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே மக்ரான், கீகான் எல்லைகளில் நடந்த படையெடுப்புகளையும் வரிசையாகச் சொல்கிறார். எல்லை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. கப்பல் ஒரு காரணமாக இருக்கலாம், ஒரே காரணம் என்று அந்த நூலைப் படித்தவர் சொல்ல மாட்டார்.

பதினேழு வயது என்பதும் இப்படித்தான். அது ஒரு கவிஞரின் புகழ்ப் பாட்டில் வரும் செய்தி. சிந்துவுக்கு வருமுன் அவர் பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதியில் பொறுப்பில் இருந்தவர் என்றும் அதே நூல் சொல்கிறது. அப்படியானால் வயது பற்றிக் கொஞ்சம் யோசிக்கத்தானே வேண்டும்?

அந்த நூலில் இருப்பது எல்லாம்

இங்கேதான் நமக்குச் சோதனை. பலாதுரீயில் நமக்குப் பிடித்ததும் இருக்கிறது, பிடிக்காததும் இருக்கிறது.

தேபல் நகரை முற்றுகையிட்டபோது 'அல்அரூஸ்' (மணப்பெண்) என்று பெயரிட்ட பெரிய கல்லெறி பொறி பயன்பட்டது. அதை இயக்க 500 பேர் வேண்டும். கோயில் உச்சியில் பறந்த கொடிக்கம்பத்தை அது முறித்தது. நகர் வீழ்ந்தபின் மூன்று நாட்கள் கொலை நடந்தது, கோயில் காப்பாளர்களும் கொல்லப்பட்டார்கள் என்று எழுதுகிறார். பிறகு 4000 முஸ்லிம்கள் குடியமர்த்தப்பட்டு, பள்ளிவாசல் கட்டப்பட்டது.

நீரூன் நகரத்தார் முன்பே தூதனுப்பி உடன்படிக்கை செய்திருந்தார்கள். அங்கே போர் இல்லை. அரோர் நகரம் பல மாத முற்றுகைக்குப் பின், மக்களைக் கொல்லக்கூடாது, கோயிலில் கை வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு பணிந்தது. முஹம்மது பின் காசிம் அதை ஏற்றார். இவர்களுடைய கோயிலும் கிறிஸ்தவர்களின் தேவாலயம், யூதர்களின் ஆலயம், மஜூஸிகளின் நெருப்பு இல்லம் போன்றதே என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. பிற்கால இந்திய முஸ்லிம் ஆட்சிகளில் ஹிந்து மக்களுக்கு இருந்த சட்ட நிலைக்கு இந்த முடிவை ஒரு முன்னுதாரணமாகப் பார்ப்பவர்கள் உண்டு.

முல்தானில் போர் செய்தவர்கள் கொல்லப்பட்டார்கள், பலர் சிறைப்பட்டார்கள், பெருமளவு தங்கம் கிடைத்தது. எல்லாம் முடிந்தபின் ஹஜ்ஜாஜ் கணக்குப் பார்த்தார். செலவு 6 கோடி திர்ஹம், வரவு 12 கோடி. பழியும் தீர்ந்தது, 6 கோடி இலாபமும் வந்தது, தாஹிரின் தலையும் கிடைத்தது என்று அவர் கணக்கை முடித்தாராம். படிக்கவே மனம் கூசுகிறது. இது மார்க்கத்தின் மொழி அல்ல, ஓர் ஆட்சியாளரின் மொழி. மக்காவை முற்றுகையிட்டு அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களைக் கொன்றவரும், ஸயீத் பின் ஜுபைர் (ரஹ்) போன்ற பேரறிஞரைக் கொன்றவரும் இதே ஹஜ்ஜாஜ்தான். அவருடைய கொடுமையை நம் உலமாக்கள் எந்தக் காலத்திலும் மறைத்ததில்லை. அப்படியிருக்க, சிந்து என்று வரும்போது மட்டும் அவருடைய செயலை இஸ்லாத்தின் கணக்கில் எழுதுவதும், யாராவது குறை சொன்னால் நாம் போய் அவருக்கு வக்காலத்து வாங்குவதும் என்ன நியாயம்?

அரோரை மட்டும் எடுத்துக்கொண்டு தேபலை மறைப்பவர் நூலுக்குத் துரோகம் செய்கிறார். தேபலை மட்டும் எடுத்துக்கொண்டு அரோரை மறைப்பவரும் அதையேதான் செய்கிறார்.

முஹம்மது பின் காசிமின் முடிவு

பலாதுரீ சொல்வது இது. கி.பி. 714இல் ஹஜ்ஜாஜ் இறந்தார், 715இல் கலீஃபா வலீத் இறந்தார். அடுத்து வந்த சுலைமான், ஹஜ்ஜாஜின் ஆட்களை வெறுத்தவர். முஹம்மது பின் காசிம் விலங்கிடப்பட்டு இராக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே பொறுப்பில் இருந்த ஸாலிஹ் என்பவரின் சகோதரரை முன்பு ஹஜ்ஜாஜ் கொன்றிருந்தார். அந்தப் பழிக்காக வாஸித் சிறையில் ஹஜ்ஜாஜின் உறவினர்கள் சித்திரவதை செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருவராக இவரும் இறந்தார். அவருக்காக இந்திய மக்கள் அழுதார்கள், ஓர் ஊரில் அவருக்கு உருவம் செய்து வைத்தார்கள் என்றும் பலாதுரீ எழுதுகிறார்.

இதில் தோலும் இல்லை, இளவரசிகளும் இல்லை. உள்ளாட்சி அரசியலின் பழிவாங்கல் மட்டுமே இருக்கிறது.

அப்படியானால் தோல் கதை எங்கிருந்து வந்தது? 'சச்நாமா' என்ற பாரசீக நூலிலிருந்து. இன்றைய பாகிஸ்தானில் உள்ள உச் நகரில் வாழ்ந்த அலீ கூஃபி என்பவர் ஹிஜ்ரி 613ஐ (கி.பி. 1216-17) ஒட்டி அதை எழுதினார். சம்பவம் நடந்து 500 ஆண்டுகள் கழித்து! ஒரு பழைய அரபு நூலை மொழிபெயர்த்ததாக அவர் சொல்கிறார். அந்த அரபு மூலம் இன்று கையில் இல்லை.

அந்தக் கதையின்படி தாஹிரின் இரண்டு மகள்கள் கலீஃபாவிடம் அனுப்பப்படுகிறார்கள். தந்தையின் சாவுக்குப் பழிவாங்க, முஹம்மது பின் காசிம் எங்களை ஏற்கெனவே தொட்டுவிட்டார் என்று பொய் சொல்கிறார்கள். பச்சைத் தோலில் தைத்து அனுப்புமாறு கலீஃபா கட்டளையிடுகிறார். உடல் வந்தபின் பெண்கள் உண்மையைச் சொல்ல, அவர்களும் தண்டிக்கப்படுகிறார்கள். கட்டளையிடும் கலீஃபா வலீத். ஆனால் பழைய அறிவிப்பின்படி, முஹம்மது பின் காசிம் கைதானதே வலீத் இறந்த பிறகுதான்!

சச்நாமா பயனற்ற நூல் என்று சொல்ல வரவில்லை. ஆட்சி எப்படி நடக்க வேண்டும், பல சமய மக்களோடு எப்படி வாழ வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டின் சிந்து எப்படி யோசித்தது என்பதை அறிய அது அருமையான நூல். மனன் அஹ்மத் ஆசிஃப் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 2016இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விரிவாக விளக்குகிறார். எட்டாம் நூற்றாண்டின் நேரடிச் சாட்சியாக அதை நிறுத்துவதுதான் தவறு.

பிறகு ஆங்கிலேயர் காலம் வந்தது. ஹென்றி எலியட் என்ற அதிகாரி அரபு, பாரசீக நூல்களிலிருந்து பகுதிகளைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்தார். அவர் இறந்தபின் டவ்சன் அதை 1867 முதல் 1877 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். முதல் தொகுதியிலேயே பலாதுரீயும் சச்நாமாவும் இருக்கின்றன. தங்கள் ஆட்சி எவ்வளவு மேலானது என்று இந்திய மக்கள் உணர வேண்டும் என்ற நோக்கத்தை எலியட் மறைக்கவே இல்லை, முன்னுரையிலேயே எழுதினார். போரும் கொள்ளையும் உள்ள பகுதிகள் முன்னே வந்ததில் வியப்பில்லை. பல பாடநூல்கள் அந்தத் தொகுதிகளிலிருந்தே செய்தி எடுத்தன. இன்றைய வீடியோக்களின் வேர் அங்கே இருக்கிறது.

நம் அறிஞர்கள் தந்த அளவுகோல்

நமக்கு இது புதிய பாடம் அல்ல. ஹதீஸில் ஸனதைக் கேட்கக் கற்றுக் கொடுத்த சமுதாயம் நாம்.

வாக்கிதீ (இறப்பு ஹிஜ்ரி 207) போர் வரலாற்றில் கடல் போன்ற தகவல் உடையவர். ஆனாலும் இமாம் அஹ்மத், இமாம் புகாரி (ரஹ்) போன்றோர் ஹதீஸில் அவரை ஏற்கவில்லை. இமாம் தபரீ (இறப்பு ஹிஜ்ரி 310) தம் பெரிய வரலாற்றின் முன்னுரையில், வாசகர் ஏற்க முடியாத செய்தி ஏதேனும் இதில் இருந்தால் அது தம்மிடமிருந்து வந்ததல்ல, தமக்கு அறிவித்தவர்களிடமிருந்து வந்தது, கேட்டதைக் கேட்டபடி தந்திருக்கிறேன் என்ற கருத்தில் எச்சரிக்கை செய்திருக்கிறார். அதாவது, இது மூலப்பொருள், சலிக்க வேண்டியது வாசகரின் பொறுப்பு. இப்னு கல்தூன் (இறப்பு ஹிஜ்ரி 808) இன்னும் ஒரு படி மேலே போனார். இத்தனை இலட்சம் படை என்று எழுதினால், அந்த நிலம் அத்தனை பேரைத் தாங்குமா, அவர்கள் அணிவகுத்து நிற்க இடம் இருக்குமா என்று கேட்கச் சொன்னார்.

பலாதுரீயும் பல இடங்களில் இரண்டு அறிவிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்கிறார். தாஹிரின் மகன், உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் கடித அழைப்பை ஏற்று முஸ்லிமானார். பின்னாளில் வந்த ஆளுநர் ஜுனைத் அவரோடு போரிட்டுக் கொன்றார். அவர் மதம் மாறிப் போருக்கு வந்தார் என்று ஓர் அறிவிப்பு. இல்லை, ஜுனைத்தான் வீண்பழி சுமத்தினார் என்று இன்னொரு அறிவிப்பு. இரண்டும் நூலில் இருக்கின்றன. வெள்ளிமலை டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்களைத்தான் எனக்கு இது நினைவூட்டியது.

தமிழில் வந்த ஃபுதூஹ்

இந்த இலக்கியம் தமிழுக்கும் வந்தது. வாக்கிதீயின் பெயரில் 'ஃபுதூஹுஷ் ஷாம்' என்று ஓர் அரபு நூல் வழங்குகிறது. இன்றுள்ள வடிவத்தில் அது அவர் எழுதியதல்ல, பிற்காலத்தில் கதைகள் சேர்ந்து வளர்ந்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு. 19ஆம் நூற்றாண்டில் சேகனாப் புலவர் 'புதூகுஷ்ஷாம்' என்று அதைத் தமிழ்க் காப்பியமாகப் பாடினார். சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றி நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தவரும் அவரே. அதற்கும் முன், 1686ஆம் ஆண்டைச் சேர்ந்த 'சக்கூன் படைப்போர்' முதலாகப் படைப்போர் நூல்கள் பல நம் முன்னோரால் ஊர் கூடிப் பாடிக் கேட்கப்பட்டன.

இவற்றை நாம் இழந்துவிடக் கூடாது. தமிழ் முஸ்லிம்களின் மொழிச் செல்வம் அவை. ஆனால் காப்பியத்தைக் காப்பியமாகவும், அறிவிப்பை அறிவிப்பாகவும் வாசிக்க வேண்டும். ஒரு புலவர் போர்க்களத்தை வருணித்த பாட்டைக் கொண்டுவந்து, இப்படித்தான் நடந்தது என்று வகுப்பறையில் வாதிட முடியாது.

பலாதுரீ காலத்துச் செப்பேடு

'உங்க ஆளுங்கதானே' என்ற கேள்விக்கு வருவோம்.

பலாதுரீ பக்தாதில் வாழ்ந்த அதே காலத்தில், கி.பி. 849இல், கொல்லத்தில் ஒரு செப்பேடு எழுதப்பட்டது. வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் அங்கிருந்த தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்கு வழங்கிய உரிமைகள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டன. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பெயர் அதில் வருகிறது. கடைசி ஏட்டில் சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கூஃபி அரபு எழுத்தில் முஸ்லிம்கள், பஹ்லவி எழுத்தில் பாரசீகர்கள், எபிரேய எழுத்தில் யூதர்கள். ஒரு ஹிந்து ஆட்சியாளர் ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்குத் தந்த ஆவணத்துக்கு முஸ்லிம் வணிகர்கள் சாட்சி!

இது யாரோ 200 வருடம் கழித்துச் சொன்ன கதை அல்ல. அன்றே எழுதி, அன்றே கையெழுத்திட்ட ஆவணம். அங்கே படையும் இல்லை, கல்லெறி பொறியும் இல்லை. மாணிக்கத் தீவிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த அறிவிப்பின்படி, சிந்துவில் ஒரு வாள் உருவப்படும் முன்பே இந்தக் கடற்பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்து, பிள்ளை பெற்று வளர்த்திருக்கின்றன. அவர்களைப் பாதுகாப்பாக அனுப்பி வைக்க நினைத்தவர் முஸ்லிம் அல்லாத ஒரு மன்னர். தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றைத் தேடும் பிள்ளை தேபல் கோட்டைக்கு முன் இந்தத் துறைமுகங்களைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் கேட்க நான்கு கேள்விகள்

பெற்றோர்களே, இனி இப்படி ஒரு வீடியோ வந்தால் அனுப்பும் முன் பிள்ளைகளோடு உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள்.

1. எந்த நூலில் இருக்கிறது? நூல் பெயர் சொல்லாத வரலாறு ஸனத் இல்லாத செய்தி.

2. சம்பவத்துக்கும் நூலுக்கும் இடையே எத்தனை ஆண்டு? 180 ஆண்டும் 500 ஆண்டும் ஒன்றல்ல.

3. யார் யார் வழியாக வந்தது? எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது? வரிக்கணக்கா, புகழ்ப்பாட்டா, ஆட்சியைப் புகழவா, பழிக்கவா?

4. அதே நூலில் இதற்கு மாறான செய்தி இருக்கிறதா? இருந்தும் மறைக்கிறார்களா?

செய்தி கொண்டு வருபவரை விசாரிக்காமல் நம்பி, அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். நம்மைப் புகழும் செய்திக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். பொய்ப் புகழை நாம் ஏற்றுக்கொண்டால், அதே நூலிலிருந்து வரும் பொய்ப் பழியை மறுக்க நமக்கு வாய் இருக்காது.

மலையிலிருந்து இறங்கி வந்த அன்று இரவு, அக்கா மகன் கல்லூரிக் குழுவில் பதில் எழுதினான். அனுப்பும் முன் என்னிடம் காட்டினான். தேபலில் நடந்த கொலையை பலாதுரீயே எழுதியிருக்கிறார், அதை நான் நியாயப்படுத்தவில்லை. அரோரில் கோயிலைத் தொடவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். தோல் கதை 500 வருடம் கழித்து வந்தது. என் ஊர் முஸ்லிம்களின் கதை வேறு, கொல்லம் செப்பேட்டைப் பார் என்று நான்கே வரி. கோபம் ஒரு சொல்லிலும் இல்லை. குடும்பக் குழுவில் வந்த வீடியோவுக்குக் கீழேயும் இதையே போடட்டுமா மாமா என்று கேட்டான். அதுதான் கடினமான இடம். போடு என்றேன்.

அந்தக் குழுவில் உள்ள சிலர் என்னுடைய பழைய பயானை நினைவில் வைத்திருக்கக்கூடும். அதற்கான திருத்தத்தையும் இந்தக் கட்டுரை மூலமே செய்கிறேன். அறிந்ததைச் சொல்லவும், தவறு தெரிந்தால் திருத்திக்கொள்ளவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.